டயரும் ரோட்டுப் பிடிப்பும்: புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"எந்த டயர் போட்டால் வண்டி வழுக்காது?" புதிதாக பைக் ஓட்டத் தொடங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வண்டியோடு வந்த டயரே போதும் என்பதுதான் என் பதில். காற்று சரியாக இருந்து, ரோடு காய்ந்து சுத்தமாக இருந்தால், புதியவர் ஒருவருக்குத் தேவைப்படுவதைவிட அதிகமான பிடிப்பு அந்த டயரிலேயே இருக்கிறது. ஆனால் அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காற்றின் அளவு, ரப்பரின் சூடு, ரோட்டின் நிலை, அந்த நேரத்தில் டயர்மேல் எவ்வளவு பாரம் அழுத்துகிறது என எல்லாவற்றையும் பொறுத்து நொடிக்கு நொடி மாறுகிறது. இவற்றில் பாதி உங்கள் கையில் இருப்பவை. அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று

காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடிய டயர் சூடாகிவிடும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து அளவைக் கூட்டிக் காட்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறும். ஓட்டிவிட்டு வந்த கையோடு அளந்து, "கூடுதலாக இருக்கிறதே" என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் காற்று குறைந்துதான் இருக்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வண்டியிலேயே இருக்கிறது. செயின் கவரிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் வண்டியோடு தந்த கையேட்டில் பாருங்கள். தனியாக ஓட்டும்போது ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின்டயருக்கு இன்னோர் அளவு என்று பிரித்தே போட்டிருக்கும். டயரின் பக்கச் சுவரிலும் ஒரு காற்றளவு எழுதியிருக்கலாம். பலர் அதைப் பார்த்துக் காற்று நிரப்பிவிடுகிறார்கள். அது அந்த டயர் முழுப் பாரத்தைச் சுமக்கும்போது உரிய உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல.

காற்று குறைந்தால் டயர் அளவுக்கு மீறி நெளியும். ஹேண்டில் கனக்கும், வளைவில் வண்டி ஆடுவது போலிருக்கும். நெளிந்து நெளிந்து டயர் உள்ளுக்குள் சூடேறிப் பலவீனமாகும். கூடினால் டயர் விறைத்துப்போய் நடுப்பகுதி மட்டுமே ரோட்டில் பதியும், பள்ளம் மேடுகளில் துள்ளும். துள்ளும் டயர் ஒவ்வொரு துள்ளலிலும் ரோட்டை விடுகிறது. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்துக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தார்ச்சாலையில் அதைச் செய்யாதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பள்ளங்கள் மூடிக்கொள்கின்றன, தண்ணீர் வெளியேற வழி குறைகிறது.

சின்ன பிரஷர் கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கென்று நீங்கள் வாங்கும் கூடுதல் சாமான்களில் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அளந்து பாருங்கள். ஓட்டையே இல்லாத டயரிலும் காற்று ரப்பர் வழியாக மெல்லக் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதைவிட வேகமாக இறங்கினால் வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். நுரை மெல்ல உப்பி வந்தால் வால்வில் கசிவு இருக்கிறது. உப்பாவிட்டால் டயரின் மேற்பரப்பில் ஆணியையோ, ரிம்மும் டயரும் சேரும் ஓரத்தில் கசிவையோ தேட வேண்டும். அப்புறம், வால்வு மூடியைத் தொலைத்துவிடாதீர்கள். தூசி உள்ளே போய் வால்வு கெடாமல் காப்பது அதுதான்.

டயரைக் கண்ணாலும் கையாலும் பாருங்கள்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஆணி, கண்ணாடித் துண்டு, பள்ளத்தில் சிக்கிய கூரான கல், பக்கச் சுவரில் வெட்டு, மெல்லிய வெடிப்புகள், எங்காவது புடைப்பு எல்லாவற்றையும் தேடுங்கள். புடைத்திருந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன என்று அர்த்தம். அந்த டயரில் ஓட்டக் கூடாது.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காகச் சின்ன ரப்பர் மேடுகள் சில இடங்களில் இருக்கும். பக்கச் சுவரின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ அவற்றின் இடத்தைக் காட்டும். பட்டன்கள், அதாவது பள்ளங்களுக்கு நடுவே ரோட்டில் பதியும் ரப்பர்க் கட்டிகள், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பல பைக் டயர்களில் இந்த மேடு 0.8 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். சட்டப்படி எவ்வளவு பள்ளம் மிச்சமிருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். மழையில் ஓட்டுபவர்கள் சட்டம் சொல்லும் எல்லைவரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்பே மாற்றிவிடுவது நல்லது. பள்ளம் ஆழம் குறையக் குறையத் தண்ணீரைத் தள்ளும் திறனும் குறைகிறது.

தேய்ந்த விதத்தையும் கவனியுங்கள். நேரான ரோட்டிலேயே அதிகம் ஓடினால் பின்டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். அந்த டயரோடு வளைவில் சாய்க்கும்போது, தட்டையான பகுதியிலிருந்து ஓரத்துக்கு மாறும் இடத்தில் வண்டி சட்டென்று விழுவது போலத் தோன்றும். முன்டயரை விரலால் தடவும்போது மேடும் பள்ளமுமாக அலையலையாகத் தட்டுப்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். காற்றளவு தவறாக இருந்ததாலோ, சஸ்பென்ஷன் தளர்ந்ததாலோ அப்படித் தேயும்.

இன்னொன்று, செயினுக்கு எண்ணெய் போட்ட மறுநாள் பின்டயரின் செயின் பக்கத்து ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அதிகமாகப் போட்ட எண்ணெய் சுழற்சியில் தெறித்து அங்கேதான் விழும். விரலில் பிசுக்கு ஒட்டினால் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். டயர் கருகருவென்று மின்ன வேண்டும் என்று பாலிஷ் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. பைக் டயருக்கு அது வேண்டவே வேண்டாம். காரில் பக்கச் சுவர் ரோட்டைத் தொடுவதில்லை. பைக் சாய்ந்து திரும்பும் வண்டி என்பதால் டயரின் ஓரம்வரை ரோட்டில் பதிகிறது, பாலிஷ் பரவினால் அங்கேதான் வழுக்கும்.

பக்கச் சுவரில் எழுதியிருப்பது

110/70 ஆர் 17, 54 எச் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 110 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே 77 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல் (உள் இழைகள் டயரின் குறுக்கே நேராக ஓடும் வகை), அந்த இடத்தில் சின்னக் கோடு இருந்தால் பயாஸ் (இழைகள் சாய்வாக ஓடும் வகை). 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 54 என்ற பாரக் குறியீடு 212 கிலோவையும், எச் மணிக்கு 210 கி.மீ. உச்ச வேகத்தையும் குறிக்கும்.

கூடவே டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த தேதி. 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும், இறுகும். ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும், பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று பல டயர் நிறுவனங்களே சொல்கின்றன. பழைய வண்டி வாங்கும் புதியவர்கள் இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பட்டன் முழுதாக இருப்பதைக் காட்டி "டயர் புதுசு" என்பார்கள். வண்டி வருடக்கணக்கில் ஓடாமல் நின்றிருந்தாலும் பட்டன் முழுதாகத்தான் இருக்கும்.

ரப்பர் எப்படிப் பிடிக்கிறது

தார்ச்சாலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சொரசொரப்பான கல்முனைகள் தெரியும். பாரம் அழுத்தும்போது மென்மையான ரப்பர் அந்த முனைகளைச் சுற்றி அமுங்கிப் பொருந்துகிறது, கூடவே கல்லின் பரப்போடு லேசாக ஒட்டவும் செய்கிறது. பிடிப்பு என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். குளிர்ந்த ரப்பர் இறுகியிருப்பதால் முனைகளைச் சுற்றி நன்றாக அமுங்காது. அதனால்தான் காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போகச் சொல்கிறார்கள். ஈர ரோட்டில் தண்ணீர்ப் படலம் நடுவில் புகுந்து ஒட்டுவதைக் கெடுக்கிறது. அந்தத் தண்ணீரை வெளியே தள்ளத்தான் பள்ளங்கள். காய்ந்த ரோட்டில் பள்ளத்தால் பயனில்லை, பந்தய வண்டிகளுக்குப் பள்ளமே இல்லாத டயர் போடுவது அதனால்தான்.

டயர்மேல் பாரம் கூடினால் பிடிப்பும் கூடும், பாரம் குறைந்தால் பிடிப்பும் குறையும். அடுத்து வரும் பிரேக் பயிற்சி இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

பிரேக் பழகுங்கள்

ஆள் நடமாட்டமில்லாத, நேரான, காய்ந்த இடமாகப் பாருங்கள். ஹெல்மெட், கையுறை, ஷூ போட்டுக்கொண்டு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வாருங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு முன் பிரேக் லிவரை இரண்டு விரலால், சும்மா ஆடும் இடைவெளி தீரும்வரை மட்டும் இழுங்கள். பிரேக் லேசாகப் பிடிக்கத் தொடங்கியதும் வண்டியின் மூக்கு தாழ்வது கைக்குத் தெரியும். முன் ஃபோர்க் அமுங்கி, பாரம் முன்டயருக்கு வந்து சேர்கிறது. ரோட்டில் பதியும் ரப்பரின் பரப்பும் அப்போது விரிகிறது. இனி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தொடக்கத்தில் தாங்கியிருக்காத அழுத்தத்தையும் டயர் இப்போது தாங்குவதைப் பார்ப்பீர்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். நிற்கப் போகும் நேரத்தில் லிவரைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி குலுங்காமல் நிற்கும்.

இதே அழுத்தத்தை முதல் நொடியிலேயே வெடுக்கென்று கொடுத்தால் பாரம் இன்னும் முன்னே வந்திருக்காது. லேசாக இருக்கும் டயரிடம் முழுப் பிடிப்பைக் கேட்கிறீர்கள். சக்கரம் அங்கேயே பூட்டிக்கொண்டு வழுக்கும். முன் பிரேக்கைத் தொட்டாலே விழுந்துவிடுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே மிதிப்பவர்கள் பெரும்பாலும் இப்படி வெடுக்கென்று பிடித்துப் பார்த்துப் பயந்தவர்கள்தான். அந்தப் பயம் போக வேண்டும். அவசரத்தில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பாரம் முன்னே போகப் போகப் பின்டயர் லேசாகிவிடுவதால் பின் பிரேக்கை அளவாகத்தான் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எளிதில் பூட்டிக்கொள்ளும்.

30 கைவந்த பிறகு 40, அப்புறம் 50 என்று ஏற்றுங்கள். உலர்ந்த நல்ல ரோட்டில் உராய்வுக் குணகம் (பிடிப்பின் அளவைச் சொல்லும் எண்) 0.8 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக் பிடித்த பிறகு நிற்க 4.4 மீட்டர் போதும். 60 கி.மீ. வேகத்தில் 17.7 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. ஈர ரோட்டில் குணகம் 0.5 ஆகக் குறைந்தால் அதே 60-க்கு 28 மீட்டர். பிரேக் பிடிக்க வேண்டும் என்று உறைத்துக் கை போவதற்குள் ஒரு நொடி ஆகிவிட்டால், அதிலேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருப்பீர்கள்.

ஏ.பி.எஸ். இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் ரோட்டில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. உங்கள் வண்டியில் அது இரண்டு சக்கரத்துக்குமா, முன்சக்கரத்துக்கு மட்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வளைவில் பிடிப்பைப் பங்கு போடுவது

பிடிப்பைக் கையிருப்புக் காசு போல நினைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கிறீர்கள், பிரேக்குக்கும் அதிலிருந்துதான். 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால், திரும்புவதற்கு மட்டும் 0.42 அளவு செலவாகும். உலர்ந்த ரோட்டின் 0.8-இல் இது பாதிதான், அவசரத்துக்கு மெல்லப் பிரேக் பிடிக்க நிறைய மிச்சமிருக்கிறது. அதே வளைவை 50-இல் எடுங்கள், செலவு 0.66. வெறும் 10 கி.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு. ஈர ரோட்டில் இருப்பே 0.5 என்றால், 50-இல் அந்த வளைவைத் திரும்பவே முடியாது.

எனவே வேகத்தைக் குறைப்பதை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கியரையும் அங்கேயே குறைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் லேசாகப் பிடித்துக்கொண்டு, வளைவு விரியும் பக்கம் பார்வையை வைத்துப் போங்கள். சாய்ந்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுவதும் முறுக்குவதும் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பது போலத்தான், பாரம் குதித்து இடம் மாறும்.

டயரின் ஓரத்தில் தேயாத பட்டை இருப்பதைப் பார்த்து "வண்டியைச் சாய்க்கவே தெரியவில்லை" என்று நண்பர்கள் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். பொது ரோட்டில் அந்தப் பட்டை மிச்சமிருப்பது நல்லதுதான்.

மழை, மணல், இரும்பு

மழையின் முதல் சில நிமிடங்கள் மோசமானவை. ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர்த் துகளும் தண்ணீரோடு குழைந்து வழவழவென்று ஆகியிருக்கும். நன்றாகப் பெய்து கழுவிய பிறகு நிலைமை கொஞ்சம் தேறும். முடிந்தால் அந்த முதல் கட்டத்தில் எங்காவது ஒதுங்கி நில்லுங்கள். ஓட்டியே ஆக வேண்டும் என்றால் முன்வண்டியோடு இருக்கும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள், கார்களின் டயர் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் போன தடத்தில் போங்கள்.

வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, வெடிப்பை அடைத்த தார்ப் பட்டை, உதிர்ந்த இலை, எல்லாமே நனைந்தால் வழுக்கும். அவற்றின்மேல் பிரேக்கோ திருப்பமோ வேண்டாம். வண்டியை நிமிர்த்தி, கையைத் தளர்த்தி, அப்படியே உருண்டு கடந்துவிடுங்கள். தண்டவாளத்தைக் கூடிய மட்டும் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். வானவில் நிறத்தில் மின்னும் திட்டு தெரிந்தால் அது டீசலோ எண்ணெயோதான், சுற்றிப் போங்கள். மணலும் சரளையும் வளைவின் ஓரத்தில்தான் சேரும். பார்த்தவுடன், அதைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மேலே ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டில் சற்று ஆடினால் ஆடட்டும்.

வழுக்கத் தொடங்கினால்

முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே லிவரை விடுங்கள், சக்கரம் உருளத் தொடங்கியதும் மெல்ல மறுபடி பிடியுங்கள். இதில் யோசிக்க நேரமே கிடைக்காது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி நேராகவே போனால் மிதியை மெல்லத் தளர்த்தலாம். வால் பக்கவாட்டில் விலகிப்போன பிறகு சட்டென்று விடக் கூடாது. விட்டால் டயர் திடீரென்று பிடித்து, வண்டி மறுபக்கமாக உங்களைத் தூக்கி எறியும். அந்த நிலையில் பின் பிரேக்கை அப்படியே வைத்துக்கொண்டு, போக வேண்டிய திசையைப் பார்த்தபடி நிறுத்துவதே மேல்.

டயர் மாற்றும்போது

புதியவர்களுக்கு நான் சொல்வது, கையேட்டில் போட்டிருக்கும் அதே அளவையே போடுங்கள் என்பதுதான். பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று அகலமான டயரைப் போட்டால், அதே ரிம்மில் அது நெருக்கப்பட்டு உருவம் மாறிவிடும். வண்டி திரும்பக் கனக்கும், பிடிப்பு கூடும் என்ற உறுதியும் இல்லை. முன்னே ரேடியல், பின்னே பயாஸ் என்று நீங்களாகக் கலக்காதீர்கள். பாரக் குறியீடும் வேகக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. ஸ்போக்ஸ் ரிம் என்றால் டியூப் வேண்டுமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் பெரும்பாலும் காற்று மெல்ல இறங்கும், டியூபில் சட்டென்று போய்விடலாம். பஞ்சர் ரோட்டில் பதியும் பகுதியில் இருந்தால் ஒட்டலாம், பக்கச் சுவரில் இருந்தால் ஒட்டவே கூடாது.

மாற்றி முடித்ததும் மூன்று விஷயங்களை அங்கேயே நின்று பாருங்கள். பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையில் இருக்கிறதா, சக்கரத்தை பேலன்ஸ் செய்தார்களா, காற்று எவ்வளவு இருக்கிறது. டயரை ரிம்மில் உட்கார வைக்க அதிகக் காற்று ஏற்றுவார்கள், அதைச் சரியான அளவுக்கு இறக்காமலே கொடுத்துவிடுவதும் உண்டு.

புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். ஏறக்குறைய முதல் 150 கிலோமீட்டர் வரை முழுப் பிடிப்பை எதிர்பார்க்காதீர்கள். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மெதுவாகவே இயக்குங்கள், வளைவில் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நேராகவே 150 கிலோமீட்டர் ஓட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் பழகியிருக்கும், ஓரங்கள் இன்னும் வழவழப்பாகவே இருக்கும். எனவே வளைவுகள் உள்ள, காய்ந்த, பழக்கமான ரோட்டில் ஓட்டுங்கள். பளபளப்பு போய் ரப்பர் மங்கலான கருப்புக்கு மாறியிருக்கும் இடம்வரைதான் டயர் பழகியிருக்கிறது. அதைத் தாண்டிச் சாய்ப்பதானால் மறுபடி மெதுவாகத் தொடங்குங்கள்.